மீன் தொட்டியின் நீர்மட்டம்: தானியங்கிச் சாதனங்கள் பற்றி ஒரு கருத்துரை

பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள பொருள்களுள் விடுமுறை அறியாதது மீன் தொட்டி ஒன்றே. நுண்ணோக்கியை உறையிட்டு மூடலாம். தராசைப் பூட்டி வைக்கலாம். ரசாயனப் புட்டிகளை அலமாரியில் அடுக்கிச் சாவியைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைக்கலாம். மீன் தொட்டியை அவ்வாறு செய்ய இயலாது. அதனுள் உயிர்கள் வாழ்கின்றன. அவை வாழும் நீரோ நாள்தோறும் குறைந்துகொண்டே வருகிறது. நம் நாட்டின் பெரும்பகுதியில் நீர் மிக விரைவாக ஆவியாகும் மாதங்கள் எவையோ, அவற்றிலேயே பள்ளிகளும் மூடப்பட்டிருக்கின்றன. கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறக்கும் நாளில், பாதி வற்றிய தொட்டியையும் மடிந்த மீன்களையும் காண நேர்வது ஆசிரியர் பலர் அறிந்த செய்தியாகும்.

மீன்வளப் பணியில் ஈடுபட்டுள்ள கள ஊழியர்களுக்கும் இக்கவலை உண்டு. 2020-இல் தொடங்கப்பட்ட பிரதான் மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் அலங்கார மீன் வளர்ப்புக்கும் இடமளிக்கப்பட்டது. வீட்டுக் கொல்லையில் சில தொட்டிகளை வைத்து மீன் வளர்க்கும் குடும்பத்தினர், நீர் குறையும்பொழுது என்ன செய்வது, எந்த நீரை ஊற்றுவது என்று ஊழியரையே வினவுகின்றனர்.

குறையும் நீரைத் தானாகவே நிரப்பும் சாதனங்கள் இன்று கடைகளில் பலவாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவதா, வேண்டாமா? வாங்கினால் எத்தகையதை வாங்குவது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். சாதனம் வேண்டும், அது எளியதாகவும் ஓர் எல்லைக்கு உட்பட்டதாகவும் இருத்தல் வேண்டும், அதனை நம்பி மனிதரின் மேற்பார்வையைக் கைவிடுதல் கூடாது. இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதைக் கணக்கின் துணைகொண்டே காட்ட இயலும்.

எது குறைகிறது, எது குறைவதில்லை?

தொட்டியிலிருந்து ஆவியாகி வெளியேறுவது தூய நீர் மட்டுமே. அதில் கரைந்துள்ள உப்புகளும், சுண்ணமும், மீன்களின் கழிவிலிருந்து தோன்றும் நைட்ரேட் முதலியவையும் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. உப்பளத்தில் உப்பு விளைவதும் இம்முறையிலேதான். இவ்வுண்மையை ஆறாம் வகுப்பு மாணவனும் அறிவான். எனினும் தொட்டியில் நீர் ஊற்றும்பொழுது இதனை நினைவில் கொள்வோர் சிலரே.

ஓர் உதாரணத்தைக் கருதுவோம். ஒரு தொட்டியின் நீளம் 90 சென்டிமீட்டர், அகலம் 30 சென்டிமீட்டர், உயரம் 45 சென்டிமீட்டர். அதில் 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்பப்பட்டுள்ளது. நீரின் அளவு 108 லிட்டர். நாளொன்றுக்கு நீர்மட்டம் 5 மில்லிமீட்டர் தாழ்வதாகக் கொள்வோம். மேற்பரப்பு 2,700 சதுர சென்டிமீட்டர் ஆதலால், அன்றாட இழப்பு 1.35 லிட்டர் ஆகும். பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இவ்விழப்பு, 40 நாள் விடுமுறையில் 54 லிட்டராகப் பெருகுகிறது. தொட்டியின் நீர் பாதியாகிவிடும். அதில் கரைந்துள்ள உப்பின் செறிவு இரு மடங்காகிவிடும். இதற்கிடையில் வடிகட்டியின் உறிஞ்சு குழாய் காற்றில் நின்று, வடிகட்டியும் ஓய்ந்துவிடக்கூடும்.

கடல் நீர்த் தொட்டியில் இதன் விளைவு இன்னும் விரைவாகத் தெரியும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீர் மேற்கூறிய தொட்டியில் இருக்குமாயின், மொத்த உப்பு 3,780 கிராம். ஆறே நாட்களில் 8.1 லிட்டர் நீர் ஆவியாகும். உப்பின் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 37.8 கிராமாக உயரும். குறைந்த அளவை ஈடு செய்யக் கடல் நீரையே மீண்டும் ஊற்றுவோமானால், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 280 கிராம் உப்பைப் புதிதாகச் சேர்க்கிறோம். 80 நாட்களில் தொட்டி நீர் உண்மைக் கடல் நீரைப்போல் இரு மடங்கு உப்புடையதாகிவிடும். நீர்மட்டம் மட்டும் வைத்த குறியிலேயே நிற்கும். பார்ப்பவருக்கு யாதொரு குறையும் தோன்றாது. ஆகவே கடல் நீர்த் தொட்டியாயினும், ஆவியானதை ஈடு செய்ய ஊற்றவேண்டியது உப்பற்ற நன்னீரே.

நன்னீர்த் தொட்டிக்கும் இவ்விதி பொருந்தும். நம் நாட்டில் பல ஊர்களில் கிடைக்கும் ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடினமானது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, கரைந்த திடப்பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கத்தக்கதாகவும், வேறு நீர் கிடைக்காதபொழுது 2,000 மில்லிகிராம் வரை அனுமதிக்கத்தக்கதாகவும் கூறுகிறது. லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உடைய நீரை நம் தொட்டியில் இட்டு, அதே நீரால் ஈடு செய்துவந்தால், 80 நாட்களில் அது 2,000 மில்லிகிராம் எல்லையைத் தொட்டுவிடும். இதற்கு ஏற்ற மருந்து மழை நீரே. முதல் மழையில் கூரை கழுவப்பட்ட பின்னர்ப் பிடித்து, மூடிய கலத்தில் வைத்த மழை நீரில் கரைந்த உப்புகள் மிகச் சொற்பம். குழாய் நீரை மட்டுமே பயன்படுத்த நேர்ந்தால், அதிலுள்ள குளோரின் நீங்கும்பொருட்டு ஒரு நாள் திறந்து வைத்தல் நலம். குளோரமைன் சேர்த்துச் சுத்திகரிக்கப்பட்ட நீராயின் இம்முறை போதாது. அதற்குரிய மருந்தைச் சேர்த்தல் வேண்டும்.

இடமும் பருவமும்

எல்லா ஊர்களிலும் நீர் ஒரே வேகத்தில் குறைவதில்லை. காற்றின் வறட்சி, நீரின் உஷ்ணநிலை, மேற்பரப்பின் மீது வீசும் காற்று ஆகிய மூன்றுமே ஆவியாதலை நிர்ணயிக்கின்றன. மே மாதத்தில் நாகபுரியில் உள்ள ஒரு தொட்டி இழக்கும் நீரின் அளவும், கொச்சியில் உள்ள அதே போன்ற தொட்டி இழக்கும் அளவும் வெகுவாக வேறுபடும். கடற்கரையூரின் ஈரக் காற்று நீராவியை ஏற்கத் தயங்குகிறது. தக்காணத்தின் வறண்ட காற்று அதனை ஆவலுடன் ஏற்கிறது. எனவே ஓர் ஊரில் எழுதப்பட்ட கையேட்டின் கணக்கை மற்றோர் ஊரில் அப்படியே பின்பற்றுவது பொருந்தாது.

பலரும் கவனியாத மற்றொரு காலமும் உண்டு. வட இந்தியக் குளிர்காலத்தில் வெப்பமண்டல மீன்களைக் காக்கத் தொட்டி நீரை 25 அல்லது 26 டிகிரி சென்டிகிரேடு வரை மின்சாரத்தால் சூடேற்றுகின்றனர். அறையின் காற்றோ குளிர்ந்தும் வறண்டும் இருக்கிறது. வெதுவெதுப்பான நீர்ப்பரப்பிலிருந்து அப்பொழுதும் நீர் கணிசமாக ஆவியாகிறது. நீர்மட்டம் தாழ்ந்து, எரிந்துகொண்டிருக்கும் கண்ணாடிச் சூடேற்றி வெளியே தெரியுமாயின் அது வெடிக்கக்கூடும். குளிர்காலம்தானே என்று அசட்டையாக இருத்தல் தகாது.

தொட்டியைக் கண்ணாடி மூடியால் மூடிவிட்டால் இத்தொல்லை தீராதோ எனச் சிலர் கேட்கலாம். ஓரளவு தீரும், சூடேற்றிய குளிர்காலத் தொட்டிக்கு அதுவே முதற்பரிகாரம். ஆனால் கோடையில் ஆவியாதல் நமக்குப் பகையன்று. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்பொழுது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை உடன்கொண்டு செல்கிறது. மண் பானை நீரைக் குளிரச் செய்வதும் இதனாலேயே. தொட்டியை இறுக மூடினால் நீர் குறையாது. அதே வேளையில் அது சூடேறும். நீர் சூடேறச் சூடேற அதில் கரையக்கூடிய பிராணவாயு குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு கரையும் பிராணவாயு, 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம் அளவே கரைகிறது. கோடையில் வலை மூடியிட்டு ஆவியாக விடுவதும், இழந்த நீரை ஒழுங்காக ஈடு செய்வதுமே மீனுக்கு நன்மை பயக்கும். தானியங்கிச் சாதனத்திற்கு ஆதரவாகக் கூறத்தக்க காரணங்களுள் இதனையே தலையாயதாகக் கருதுகிறேன்.

நிரப்புதல் வேறு, மாற்றுதல் வேறு

சாதனத்தை வாங்கியவுடன், இனி நீர் மாற்றவேண்டியதில்லை என எண்ணுவோர் உளர். இவ்வெண்ணம் முற்றும் தவறு. மீன்கள் உண்ட உணவின் கழிவு அம்மோனியாவாகவும், பின்னர்ப் பாக்டீரியங்களின் செயலால் நைட்ரைட்டாகவும், இறுதியில் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. நைட்ரேட் ஆவியாவதில்லை. தாவரங்கள் ஒரு பகுதியை உட்கொள்ளலாம்; எஞ்சியது தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். அதனைக் குறைக்க, பழைய நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதிய நீரை இடுதல் அவசியம்.

நிரப்புதல் குறைந்ததை ஈடு செய்கிறது. மாற்றுதல் சேர்ந்ததை அகற்றுகிறது. மட்டம் குறையாது நிற்கும் தொட்டியில் நீர் எப்பொழுதும் புதியதாகவே தோன்றும். கழிவு சேர்வதைக் கண்ணால் காண இயலாது. முன்பு நீர் குறைவதே ஓர் எச்சரிக்கையாக இருந்தது. சாதனம் அவ்வெச்சரிக்கையை அழித்துவிடுகிறது. ஆதலால் சாதனம் பொருத்திய நாளிலிருந்து நீர் மாற்றும் நாட்களைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் முன்னிலும் இன்றியமையாததாகிறது.

பழைய தத்துவம்

மட்டத்தைத் தானே காக்கும் அமைப்பு ஏதோ மின்னணு யுகத்தின் புதுமை என மாணவர் எண்ணக்கூடும். உண்மையில் அது மிகப் பழையது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த க்டேசிபியஸ் என்பார் தம் நீர்க் கடிகாரத்தில், நீர் வரத்தை ஒரே சீராக வைக்க மிதவை ஒன்றைப் பயன்படுத்தியதாகக் கருதப்படுகிறது. 1765-இல் ரஷ்யாவில் பொல்சுனோவ் என்பவர் நீராவிக் கொதிகலத்தின் நீர்மட்டத்தைக் காக்க மிதவையையே கையாண்டார். ஜேம்ஸ் வாட் 1788-இல் தம் நீராவி யந்திரத்தின் வேகத்தைச் சீராக்கச் சுழல் குண்டுகளைப் பொருத்தினார். இத்தகைய அமைப்புகளின் கணிதத்தை மாக்ஸ்வெல் 1868-இல் ஆராய்ந்தார். 1948-இல் நார்பர்ட் வீனர் இத்துறைக்குச் ‘சைபர்னெட்டிக்ஸ்’ எனப் பெயரிட்டு நூல் எழுதினார்.

இவை அனைத்திலும் உள்ள தத்துவம் ஒன்றே. விளைவை அளந்து, அவ்வளவைக் கொண்டே காரணத்தைக் கட்டுப்படுத்துதல். மட்டம் தாழ்ந்தால் வழி திறக்கிறது, உயர்ந்தால் அடைபடுகிறது. நம் உடல் வியர்வையால் உஷ்ணத்தைக் காப்பதும் இதன்பாற்பட்டதே. இவ்வளவு விரிந்த தத்துவத்தை, சில நூறு ரூபாய்ச் செலவில், உயிருள்ள பொருளைக் கொண்டே கற்பிக்க வாய்ப்பளிப்பது மீன் தொட்டி.

மின்சாரமில்லா இரு சாதனங்கள்

முதலாவது கவிழ்த்த குப்பி. கோழிக் குஞ்சுகளுக்கு நீர் வைக்கும் கலத்தை யாவரும் கண்டிருப்பர். நீர் நிரம்பிய குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் வாய் தொட்டியின் நீர்மட்டத்தைத் தொடுமாறு தாங்கியில் நிறுத்துக. மட்டம் வாய்க்குக் கீழே தாழ்ந்தால் காற்றுக் குமிழி உள்ளே புகும். அதற்கு ஈடான நீர் வெளியே வரும். மட்டம் மீண்டும் வாயைத் தொட்டதும் நின்றுவிடும். வளிமண்டல அமுக்கத்தைக் கற்பிக்க இதனினும் சிறந்த கருவி அரிது.

எனினும் இதற்கும் ஒரு குறை உண்டு. குப்பியில் நீர் குறையக் குறையக் காற்று மிகும். இரவில் 25 டிகிரியாக இருந்த காற்று நண்பகலில் 35 டிகிரியானால் விரியும். நீராவியின் அமுக்கமும் அதனுடன் கூடும். ஐந்து லிட்டர் காற்று இவ்விரு காரணங்களால் ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் பெருகி, அவ்வளவு நீரைத் தேவையின்றி வெளியே தள்ளும். இரவில் காற்றுச் சுருங்கும்பொழுது தொட்டி நீர் குப்பிக்குள் ஏறும். கடல் நீர்த் தொட்டியாயின் நன்னீர்க் குப்பியில் உப்பு கலந்துவிடும். ஆகவே சிறு குப்பியைப் பயன்படுத்துதலும், அதனை வெயில் படாத இடத்தில் வைத்து வெண்துணியால் சுற்றுதலும் நலம். துணி ஒளியைத் தடுப்பதால் குப்பியில் பாசி படிவதும் குறையும்.

இரண்டாவது மிதவை வால்வு. மாடித் தொட்டியில் குழாய்ப் பணியாளர் பொருத்தும் ‘பால்காக்’ இவ்வகையதே. ஏர்கூலரில் உள்ள சிறு பிளாஸ்டிக் மிதவை வால்வு மீன் தொட்டிக்கு மிகவும் ஏற்றது. சிறு நகரக் கடைகளிலும் கிடைக்கும். உலோக வால்வைத் தவிர்க்கவேண்டும். பித்தளையிலுள்ள செம்பு நீரில் கரையுமாயின், இறால், நத்தை முதலிய முதுகெலும்பற்ற உயிர்களுக்கு அது நஞ்சாகும்.

இவ்வால்வை நகராட்சிக் குழாயுடனோ மாடித் தொட்டியுடனோ நேரே இணைப்பதை நான் வன்மையாக மறுக்கிறேன். கணக்கை நோக்குக. வால்வின் துளை 4 மில்லிமீட்டர் விட்டமுடையதாயின் அதன் பரப்பு ஏறத்தாழ 0.126 சதுர சென்டிமீட்டர். தொட்டிக்கு 1 மீட்டர் மேலே ஒரு வாளி நீர் இருந்தால், துளையின்மீது 13 கிராம் எடையளவு விசையே செயல்படும். நெம்புகோல் ஐந்து மடங்கு ஆற்றல் தருமாயின், மிதவை மூன்று கன சென்டிமீட்டர் நீரை இடம்பெயர்த்தால் போதும். 10 மீட்டர் உயர மாடித் தொட்டியோடு இணைத்தாலோ, அவ்விசை பத்து மடங்காகிறது. சிறு மிதவை அதனைத் தாங்கி அடைப்பது அரிது. அடைப்பான் சிறிது தேய்ந்தாலும், அதன் இடுக்கில் ஒரு மணல் துகள் சிக்கினாலும், மாடித் தொட்டியின் நீர் முழுவதும் ஆய்வுக்கூடத்தின் தரையில் நிற்கும்.

மின் சாதனங்கள்

நீர்மட்டத்தை உணரும் கருவியும், சிறு பம்பும் கொண்டவை மின் சாதனங்கள். உணரும் கருவி, காந்தம் பொருத்திய மிதவையாகவோ, ஒளிக்கற்றையின் மாறுபாட்டைக் கொண்டு நீரை அறிவதாகவோ இருக்கலாம். 2016-இல் அமைந்த அடல் புத்தாக்க இயக்கத்தின் கீழ், ஆயிரக்கணக்கான பள்ளிகளில் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் நிறுவப்பட்டுள்ளன. அங்குள்ள நுண்கட்டுப்பாட்டுச் சில்லுகளைக் கொண்டு மாணவர்கள் இத்தகைய சாதனத்தைத் தாமே அமைக்க இயலும். இம்முயற்சி வரவேற்கத்தக்கது. ஆயினும் மாணவர் முதலில் மிதவை வால்வை அமைத்துப் பார்த்தபின் மின் சாதனத்திற்குச் செல்வதே முறை. காரணமும் விளைவும் கண்ணெதிரே நிகழும் கருவியைப் புரிந்துகொண்டவனே, அவை சில்லினுள் மறைந்து நிகழும் கருவியைப் பழுது பார்க்க வல்லவனாவான்.

மின் சாதனத்தில் மூன்று காப்புகள் இருத்தல் வேண்டும். முதலாவதாக, பம்பு இயங்கத் தொடங்கும் மட்டத்திற்கும் நிற்கும் மட்டத்திற்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இல்லையேல் நீரின் சிறு அலைக்கும் பம்பு தொடங்குவதும் நிற்பதுமாக இருந்து விரைவில் கெடும். இரண்டாவதாக, பம்பு ஒரு முறைக்கு இன்னவளவு நேரத்துக்குமேல் இயங்காதவாறு கால வரம்பு வேண்டும். நிமிடத்திற்கு ஒரு லிட்டர் தரும் பம்பாயின், நம் தொட்டிக்கு இரண்டு நிமிடம் போதுமானது. மூன்றாவதாக, நீரருகே 230 வோல்ட் மின்சாரம் வருதல் கூடாது. 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்கும் பம்பையே பயன்படுத்துக. ஆய்வுக்கூட இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்கே துண்டித்துவிடும் காப்புச் சாதனம் இருத்தல் வேண்டும். மாணவர் கை நனையும் இடத்தில் இதில் விட்டுக்கொடுத்தல் கூடாது.

பெரிய தொட்டிகளில் நீர் வழிந்து, கீழே உள்ள வடிகட்டித் தொட்டிக்குச் சென்று, பம்பினால் மீண்டும் மேலேறும். அத்தகைய அமைப்பில் மேல் தொட்டியின் மட்டம் மாறாது. இழப்பு முழுவதும் கீழ்த் தொட்டியிலேயே தெரியும். உணரும் கருவியைக் கீழ்த் தொட்டியில், பம்பு நிற்கும் அறையில் பொருத்துவதே சரியாகும்.

கெட்டுப்போகும்பொழுது என்ன நிகழும்?

எந்தச் சாதனமும் ஒருநாள் கெடும். கடின நீரின் சுண்ணம் மிதவையின் அச்சில் படியும்; கடல் நீர் தெறித்து உப்புப் பொருக்குக் கட்டும்; நத்தை ஒன்று மிதவையின்மீது ஏறி அமர்ந்து அதனைத் தாழ்த்திவிடும். அவ்வேளை வழி திறந்தே கிடக்கும். சாதனத்தைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்கவேண்டியது, கெடாமல் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதன்று. கெடும்பொழுது எவ்வளவு தீங்கு விளையும் என்பதே.

இதற்கு விடை சேமக்கலத்தின் அளவில் உள்ளது. நம் தொட்டியில் நீருக்கு மேல் 5 சென்டிமீட்டர் வெற்றிடம் உண்டு, அது 13.5 லிட்டர் கொள்ளும். சேமக்கலம் 12 லிட்டருக்கு மிகாதிருந்தால், அது முழுவதும் ஒரே இரவில் கொட்டினும் தொட்டி வழியாது. உப்பு நீர்த் தொட்டியாயின் செறிவு லிட்டருக்கு 35 கிராமிலிருந்து 31.5 கிராமாகக் குறையும். மீன்கள் பல இதனைத் தாங்கலாம். நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும் திடீர் மாற்றத்தைத் தாங்கா. அவற்றை வளர்ப்போர் சேமக்கலத்தை இன்னும் சிறிதாக்குதல் வேண்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. பம்பின் குழாய் முனை தொட்டி நீரில் மூழ்கியிருந்து, சேமக்கலம் தாழ்வாக இருக்குமாயின், பம்பு நின்றபின் நீர் எதிர்த்திசையில் வடிகுழாய்போல் ஓடித் தொட்டியையே வற்றச் செய்யும். குழாய் முனை எப்பொழுதும் நீருக்கு மேலே, காற்றில் நிற்கட்டும்.

இனி, 12 லிட்டர் கலம் எத்தனை நாள் வரும்? நாளொன்றுக்கு 1.35 லிட்டர் வீதம் ஏறத்தாழ ஒன்பது நாட்கள். நாற்பது நாள் விடுமுறைக்கு இது போதாது. போதுமாறு செய்ய 54 லிட்டர் கலம் வைத்தால், சாதனம் கெடும் நாளில் வெள்ளமே மிஞ்சும். ஆகவே பாதுகாப்பான சாதனம் எதுவாயினும், வாரத்திற்கு ஒருமுறையேனும் ஒருவர் வந்து பார்த்தல் தவிர்க்க இயலாதது. தானியங்கி ஆளின் வருகையை நாள்தோறும் என்பதிலிருந்து வாரந்தோறும் என்பதாகக் குறைக்கிறது. அதற்கு மேல் வாக்களிக்கும் விளம்பரத்தை நம்பவேண்டாம்.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

அனுபவமிக்க ஆசிரியர் சிலர் இச்சாதனங்களையே வேண்டாம் என்கின்றனர். குவளையால் நீர் ஊற்றும் மாணவன் தொட்டியைத் தினமும் உற்று நோக்குகிறான். மீனின் துடுப்பில் வெண்புள்ளி தோன்றினால் அவனே முதலில் காண்கிறான். அவ்வேலையை யந்திரத்திடம் கொடுத்தால் அவன் கண்ணையும் கொடுத்துவிடுகிறோம் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. இதனைப் புறக்கணித்தல் ஆகாது.

ஆயினும் மறுபக்கத்தையும் எண்ணுதல் வேண்டும். குவளையால் ஊற்றப்படும் நீர் ஒருநாள் மிகுதியாகவும், மற்றொருநாள் குறைவாகவும், சில நாள் இல்லாமலும் போகிறது. வாரக் கடைசியில் மொத்தமாக ஊற்றப்படும் குளிர்ந்த நீர் மீன்களுக்கு அதிர்ச்சி தருகிறது. அன்றியும், சாதனம் பொருத்திய தொட்டி நமக்கு ஓர் அளவுகருவியையும் அளிக்கிறது. தொட்டியின் மட்டம் மாறாதிருப்பதால், சேமக்கலத்தில் குறையும் நீரே அன்றைய ஆவியாதலின் அளவாகும். கலத்தின் பக்கத்தில் அளவுகோல் ஒட்டி, தினமும் அதே மணிக்கு மட்டத்தைக் குறித்து வந்தால், ஒரு வானிலை நிலையத்தின் ஆவிமானிக்கு ஒப்பான பதிவு பள்ளியிலேயே கிடைக்கும்.

அப்பதிவுடன் உலர் குமிழ், ஈரக் குமிழ் உஷ்ணமானிகளின் அளவுகளையும் சேர்த்து எழுதுமாறு மாணவரைப் பழக்கலாம். மின்விசிறி ஓடிய நாளுக்கும் ஓடாத நாளுக்கும் உள்ள வேறுபாடு என்ன? முதல் பருவமழை பெய்த வாரத்தில் இழப்பு எவ்வளவு குறைந்தது? மூடியிட்டபொழுது நீரின் உஷ்ணநிலை எத்தனை டிகிரி உயர்ந்தது? இவ்வினாக்களுக்கு விடை பாடநூலில் இல்லை. அவ்வூரின் காற்றிலும் அத்தொட்டியிலுமே உள்ளது. என்றும் குறையும் அளவைவிட ஒருநாள் மிகுதியாகக் குறைந்திருந்தால், தொட்டி கசிகிறது என்றோ வால்வு பழுதுற்றது என்றோ மாணவனே அறிவிப்பான். சற்றும் குறையாதிருந்தால், வழி அடைபட்டுள்ளது என அறிவான். தொட்டியருகே சென்று அளவைக் குறிப்பவன் மீனையும் பார்ப்பான். இவ்வாறு, மறுப்பாளர் அஞ்சிய இழப்பு ஏற்படாமலே காக்கலாம்.

செய்யத்தக்கவை

முடிவாக, ஆசிரியர்களுக்கும் கள ஊழியர்களுக்கும் நான் பரிந்துரைப்பவை இவை. சாதனம் வாங்குமுன் பத்து நாட்கள் நீர்மட்டத்தை அளந்து, உங்கள் ஊரின் அன்றாட இழப்பை அறிந்துகொள்ளுங்கள். தொட்டியின் வெற்றிடத்தைக் கணக்கிட்டு, அதற்கு மிகாத சேமக்கலத்தைத் தேர்ந்தெடுங்கள். மேலிருந்து தானே இறங்கும் நீரும் பிளாஸ்டிக் மிதவை வால்வும் போதுமான இடத்தில் மின்சாரத்தை நாடவேண்டாம். கிராமங்களில் மின்சாரம் நின்றாலும் புவியீர்ப்பு நிற்பதில்லை. கலத்தில் இடுவது மழை நீராகவோ, குளோரின் நீங்கிய மென்னீராகவோ இருக்கட்டும். கடல் நீர்த் தொட்டியாயின் வாரந்தோறும் திரவமானியால் ஒப்படர்த்தியைச் சோதியுங்கள், அது 1.026 அளவில் நிற்றல் நலம். வால்வைத் திங்களுக்கு ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். நீர் மாற்றும் முறையைச் சாதனம் வருமுன் இருந்தவாறே தொடருங்கள்.

விடுமுறை தொடங்குமுன், வாரம் ஒருமுறை வந்து பார்க்கவேண்டியவர் யார் என்பதைப் பெயர் குறித்து எழுதித் தலைமையாசிரியரின் ஒப்புதலைப் பெறுங்கள். அவரிடம் மூன்று வேலைகளை மட்டும் ஒப்படைத்தால் போதும்: கலத்தின் அளவைக் குறித்தல், கலத்தை நிரப்புதல், மீன்களை எண்ணுதல். உபகரணங்களுக்கெனப் பொருள் ஒதுக்கும் அதிகாரிகள், விலையுயர்ந்த சாதனம் ஒன்றை அனுப்புவதினும், எளிய வால்வையும் அளவுகோலையும் குறிப்பேட்டையும் பல பள்ளிகளுக்கு அனுப்ப முன்வருவார்களாயின், மீன்களும் பிழைக்கும். மாணவரும் அளந்தறியும் பழக்கத்தைப் பெறுவர்.